பன்னிரண்டாம் இலக்கச் சட்டை

1

போன கிழமை யப்பானில் இருந்து ஒரு தபாலட்டை வந்தது. முன்பக்கத்தில் பனி மூடிய மலை, அதன் அடியில் ஒரு உதைபந்தாட்ட மைதானம். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி. எங்கள் அணி முதலாம் பிரிவுக்கு ஏறிவிட்டது, நான் மைதானத்திலேயே அழுதேன், உங்கள் பிள்ளைகள் இன்னும் விளையாடுகிறார்களா, அன்புடன் மொரிதா.

எனக்கு எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் முத்திரையைப் பார்ப்பேன். பிறகு உறையை வெளிச்சத்துக்குப் பிடிப்பேன். கடைசியாகத்தான் வாசிப்பேன். தபாலட்டையை வெளிச்சத்துக்குப் பிடிக்க ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் பிடித்துப் பார்த்தேன்.

"ஒரு மனிசன் சந்தோசத்தில ரெண்டு வரி எழுதினதுக்கும் விசாரணையோ?" என்றா என் மனுசி.

இந்த நாட்டில் கடிதத்தை நம்புகிறவன் யார் என்று எனக்குத் தெரியாது. அரசாங்கத்தின் மண்ணிறக் கடித உறைகள் பிரெஞ்சில் வரும். மகன் ஜூட் இரண்டு பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை அப்பா" என்பான். ஒன்றுமில்லாததை எழுத இரண்டு பக்கம் எதற்கு? அவன் பாதியை எனக்கு மறைக்கிறான் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். உண்மையில் அவனுக்கு அதைத் தமிழில் சொல்ல வரவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் காலம் எடுத்தது.

மொன்றியலின் குளிரைப் பற்றி ஊருக்கு எழுதி எழுதி எல்லாரும் களைத்துவிட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு சட்டையைப் பற்றியும், அந்தச் சட்டை எந்த அணியுடையதோ அந்த அணியைப் பற்றியும். அதற்குள் நான் செய்த ஒரு அநியாயமும் இருக்கிறது. அதை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் சூசை. பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினொரு வருடம் மனேஜராக இருந்தேன். சீனி மூட்டை ஒன்று குறைந்தால் மனேஜர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் சாமான் கைமாறும்போது எண்ணாமல் வாங்கக்கூடாது என்பது எனக்கு ஞானஸ்நானம் மாதிரி. இங்கே ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியக் கிழவரின் மரக்கறிக் கடையில் நிற்கிறேன். அங்கேயும் தக்காளிப் பெட்டியை நான் எண்ணிய பிறகுதான் லொறிக்காரன் போகலாம்.

மொரிதா அந்தக் கடைக்கு வந்த யப்பான்காரர். மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற விவசாயப் பல்கலைக்கழகத்தில் சோயா அவரையைப் பற்றி ஆராய்ச்சி. சனிக்கிழமைகளில் முள்ளங்கி வாங்க வருவார். ஒரு முள்ளங்கிக்காக ஒரு மணித்தியாலம் கார் ஓடி வருகிற மனிதரை நான் முதல் மூன்று மாதமும் ஒற்றர் என்றே நினைத்திருந்தேன். யாருடைய ஒற்றர், சூசையிடம் என்ன உளவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஊரில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. சமாதானக் காலத்தில்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு.

ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் பெடியன்களுக்கு ஒரு உதைபந்தாட்ட அணி இருக்கிறது, அதன் சாமான் பொறுப்பு என்னுடையது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் ஊரிலும் ஒரு அணி இருக்கிறது என்றார். ஒரு நெசவாலையின் தொழிலாளர்கள் வேலை முடிந்து விளையாடத் தொடங்கிய அணி. இப்போது சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய அணி, ஆனால் இரண்டாம் பிரிவில், அதுவும் அடியில். அவருடைய தமையன் அந்த அணியின் உடுப்புப் பொறுப்பாளர். தோய்ப்பது, மடிப்பது, இலக்கம் பார்த்து அடுக்குவது எல்லாம் அவர்தான். ஒரு வருடம் சட்டையில் பெயர் போட்டிருந்த கொம்பனி விலகிக்கொண்டதும் அந்தச் சட்டைகளை யாரும் போடக்கூடாதாம். எறியச் சொன்னார்கள். தமையனுக்கு எறிய மனம் வரவில்லை. பெட்டியாகக் கட்டிக் கனடாவில் இருக்கிற தம்பிக்கு அனுப்பிவிட்டார். விளையாடுகிற யாருக்காவது கொடு என்று எழுதிய ஒரு கடதாசித் துண்டும்.

"உங்கள் பிள்ளைகளுக்குத் தரட்டுமா?" என்றார்.

சும்மா தருகிறான் என்றால் ஏதோ இருக்கிறது என்று மனம் சொன்னது. எங்கள் பெடியன்களோ ஆளுக்கொரு நிறத்தில் ரீசேர்ட் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் சனம். கிழவர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மொரிதா பெட்டியின் மேல் கையை வைத்து, விரல்களைக் காட்டி, எதையோ பாடுபட்டுச் சொல்லத் தொடங்கினார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று நொண்டி. நடுவில் ஒரு சொல் மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. சப்போட்டர்.

அந்தச் சொல் எங்களுக்கு என்ன சொல் என்று விளக்க வேண்டும். அகதி விசாரணையில் என்னிடம் கேட்ட கேள்வி, நீ எந்த இயக்கத்தினுடைய உறுப்பினர் அல்லது சப்போட்டர் என்பது. அன்று எனக்கு மொழிபெயர்க்க வந்தது சென்னையைச் சேர்ந்த ஒரு பிள்ளை. "சென்றியில ஆமிக்காரனோட கதைச்சுப்போட்டு வந்தன்" என்று, சோதனைச் சாவடியைத் தாண்டி வந்ததை நான் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் கதைப்பது என்றால் பேசுவது என்று தெரியாது. இவர் இராணுவத்துக்கு ஒரு கதை சொன்னார் என்று மொழிபெயர்த்துவிட்டது. விசாரிக்கிறவர் கண்ணாடியைக் கழற்றி, "என்ன கதை?" என்றார். அந்தக் கதையில் இருந்து வெளியே வர எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. கடைசி வரை நான் திருப்பித் திருப்பிச் சொன்னது இதுதான்: நோ சப்போட்டர் சேர், நோ சப்போட்டர்.

சந்தையில் மொரிதா அந்தச் சொல்லை உரத்துச் சொன்னதும் அக்கம்பக்கம் பார்த்தேன். "நோ சப்போட்டர் சேர். ஒன்லி ஃபுட்போல். சேர்ச்" என்று அவரை மறித்துவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, தலை குனிந்து வணங்கிவிட்டு, முள்ளங்கியோடு போய்விட்டார்.

பெட்டியை நான் திறக்கவில்லை. எண்ணவில்லை. பதினொரு வருடச் சங்கக்கடைக்காரன், வாழ்க்கையில் முதல்தடவையாக எண்ணாமல் சாமான் ஏற்றேன்.

3

அன்று வீட்டுக்குப் போனால், மேல்வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெசின் உடைந்து எங்கள் அறை முழுக்கத் தண்ணீர். பெட்டியை வைக்க இடமில்லை. அன்ரனைக் கூப்பிட்டேன்.

அன்ரன் மன்னார்ப் பக்கத்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் மனைவி புஸ்பத்தோடும் மகனோடும் இருந்தான். சாமான் ஏற்றி இறக்கும் வான் ஓட்டுவது தொழில். எங்கள் அணிக்கு வானும் அவன்தான், தண்ணீர்ப் போத்தலும் அவன்தான், கோல்கம்ப வலையைத் தைப்பதும் அவன்தான். கூப்பிட்ட அரை மணித்தியாலத்தில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு கிழமை அவன் வீட்டில் இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயிலின் கீழ் மண்டபத்தில் பெட்டியைத் திறந்தோம். கரும்பச்சைச் சட்டைகள். நெஞ்சில் அணியின் பெயர், ஒரு பக்கம் சின்னப் பறவைச் சின்னம். பெடியன்கள் சத்தம் போட்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். அன்ரனின் மகன் ஏழு எடுத்தான். நான் எண்ணினேன். ஒன்றில் இருந்து இருபத்துநான்கு வரை இலக்கம். சட்டையோ இருபத்துமூன்று. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு இல்லை.

சந்தேகம் வந்துவிட்டால் எல்லாம் சந்தேகமாகத்தான் தெரியும். ஒரு சட்டையை இத்தாலியக் கிழவரிடம் காட்டினேன். நெஞ்சில் இருந்த பெயரை வாசித்துவிட்டு அவர் சிரித்தார். முன்பாதி இத்தாலியன், பனி என்று பொருளாம், பின்பாதி என்ன என்று தெரியாதாம். யப்பான் அணிக்கு இத்தாலியப் பெயர் என்னத்துக்கு? இது கள்ளச் சாமானோ? அல்லது நல்ல சட்டைகளை யாரோ மாற்றிவிட்டானோ? ஜூட்டிடம் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் பொலிஸ் மாதிரி" என்றான் அவன், பாதி பிரெஞ்சில்.

அணியின் கொமிற்றி கூடியது. தலைவர் யோசேப்பு மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இலக்கம் ஒன்று விடுபட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மொரிதாவிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. தானமாகத் தந்தவரிடம் ஒன்று குறையுது என்று எந்த முகத்தோடு கேட்பது? அன்ரனும் அங்கேதான் நின்றான்.

"பெட்டி ஆரின்ர வீட்டில இருந்தது?" என்று மாஸ்டர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எண்ணாமல் வாங்கியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. மாஸ்டர், "அன்ரன் வீட்டையோ?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான் எடுக்கேல்லை" என்றான் அன்ரன். சத்தம் போடவில்லை. "பெட்டி கட்டினபடி இருந்தது. நான் அவிழ்க்கவே இல்லை."

"எடுத்தனீர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார் மாஸ்டர்.

அதுதான் எங்கள் கெட்டித்தனம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் "மன்னார்ப் பக்கத்து ஆக்கள்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்தநாள் சந்தையில் கத்தரிக்காய் அடுக்கும்போது ஒரு சொல் வந்து மனதில் நின்றது. தலையாட்டி. ஊரில் சுற்றிவளைப்பு என்றால் சனத்தை மைதானத்தில் இருத்தி, முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். அவன் வாய் பேசமாட்டான். தலையாட்டினால் முடிந்தது. நானும் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறேன். அந்தத் தலை அசையுமா அசையாதா என்று பார்த்துக்கொண்டு நடந்த ஏழெட்டு அடி எனக்கு இன்றைக்கும் தெரியும். அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரிக்காயை எண்ணத் தொடங்கினேன்.

4

இரண்டு கிழமை அன்ரன் வரவில்லை. அவன் குடும்பம் வில்லரேயில் பிரெஞ்சுப் பூசைக்குப் போகத் தொடங்கியது. மகனும் விளையாட வரவில்லை.

மூன்றாம் கிழமை என் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு பிளாஸ்ரிக் பை தொங்கியது. உள்ளே ஏழாம் இலக்கச் சட்டை, தோய்த்து மடித்தபடி. அதற்குக் கீழே இன்னொரு சட்டை. பன்னிரண்டு.

"திரும்பி வந்திட்டுது" என்று மாஸ்டருக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். என் குரலில் இருந்த சந்தோசம் எனக்கே கேட்டது.

"நல்லது. இனி இதைப்பற்றிக் கதைக்க வேண்டாம். குடும்பக்காரன்" என்றார் அவர் பெருந்தன்மையோடு.

சந்தேகக்காரனுக்குக் கண் கூர். அந்தப் பன்னிரண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மற்றச் சட்டைகளில் இலக்கம் சூட்டில் ஒட்டியிருந்தது. இதில் தைத்திருந்தது. பறவையின் கழுத்தும் கொஞ்சம் நீளம். துணியின் பச்சை மட்டும் அப்படியே ஒத்திருந்தது. இது வேறு சட்டை என்று எனக்கு அன்றே தெரியும். ஆனால் நான் கண்ட முடிவைப் பாருங்கள். அசலை எடுத்துத் தொலைத்துவிட்டான், பயத்தில் எங்கேயோ தைப்பித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். கண்ணுக்கு முன்னால் இருந்த ஆதாரத்தைத் தலைகீழாகத்தான் பிடித்தேன்.

பன்னிரண்டை ஜூட் எடுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கு அளவாக இருந்தது.

5

மொரிதாவுக்கு ஊருக்குத் திரும்பும் காலம் வந்தது. போகமுன் உங்கள் பிள்ளைகள் அந்தச் சட்டையில் விளையாடுவதைப் பார்க்க ஆசை என்றார். ஓகஸ்ட் மாதக் கடைசி, வில்லரேப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் ஆட்டம். அவர் வெள்ளைத் தொப்பியோடு வந்து எனக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தார். பெடியன்கள் பச்சைச் சட்டையோடு ஓடிவந்ததும் கைதட்டினார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. எழும்பிவிட்டார்.

"பன்னிரண்டு" என்றார். "யார் அது?"

"மகன்" என்றேன் பெருமையோடு.

"இல்லை. பன்னிரண்டு இல்லை. அந்தச் சட்டை எங்கிருந்து?"

"பெட்டியில்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் தலையை ஆட்டி மறுத்தார். பெட்டியில் பன்னிரண்டு இருக்கவே முடியாது என்றார். இடைவேளையில் ஜூட்டைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, தன் ஊர் அணியின் கதையைச் சொன்னார். அவன் எனக்குத் தமிழில் சொன்னான். அவனுக்கு இவ்வளவு தமிழ் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆலைத் தொழிலாளர் அணி மெல்ல மெல்லப் பெயர் எடுத்து, மாவட்டம் தாண்டி, நாடு முழுக்க இருக்கிற ஆலை அணிகளோடு ஆடும் நிலைக்கு வந்தது. ஆட்டக்காரர் எல்லாரும் காலையில் தறியிலும் சாயத் தொட்டியிலும் நிற்கிறவர்கள். தொண்ணூறுகளில் சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய லீக் தொடங்கியது. அதில் சேர, அணி கொம்பனியின் பெயரை விட்டு ஊரின் பெயரை எடுக்க வேண்டும். ஆலை முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் பெயர் இல்லாத அணிக்குத் தாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்? அதற்குள் ஆலைக்கும் வியாபாரம் படுத்துவிட்டது. அணியைக் கைவிட்டார்கள்.

"அப்ப முடிஞ்சுதே" என்றேன்.

முடியவில்லையாம். ஊர்ச் சனம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துச் சேர்த்தது. முடிதிருத்துகிறவர், சோயா விற்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் சேர்ந்து அணியைத் தங்கள் பெயரில் எடுத்தார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னால் யாராவது அரசியல்வாதி இருந்திருப்பான், மைதானத்துக் காணியில் கண் வைத்திருப்பான் என்றேன். ஜூட் அதை மொழிபெயர்க்க மறுத்தான். நான் வற்புறுத்தியதும் சொன்னான். மொரிதா விழுந்து விழுந்து சிரித்தார். ஊர்ச் சனமும் அப்படித்தான் நினைத்ததாம். அவருடைய தாய் அந்த ஆலையில் தறி ஓட்டியவர், கையெழுத்துப் போடமுன் கடதாசியை மூன்று தரம் வாசித்து, கொண்டுவந்தவனின் தகப்பன் பெயரையும் கேட்டாராம். அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

புதுப் பெயரும் அப்போது வைத்ததுதான். அங்கே அணிகள் இப்படிப் பிறநாட்டுச் சொற்களை ஒட்டிப் பெயர் வைப்பது வழக்கமாம். பனி இத்தாலியன், பறவை யப்பான். கள்ளச் சாமான் என்று நான் நினைத்த சட்டை இதுதான்.

கைவிடப்பட்ட அந்த வருடம் நல்ல ஆட்டக்காரர் எல்லாரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். கடைசி ஆட்டத்துக்குப் பதினொரு பேர்தான் மிச்சம். மாற்று ஆட்டக்காரர் இருக்கிற வாங்கு வெறுமை. முதல்நாள் பனி கொட்டி மைதானம் மூடிக் கிடந்தது. விடியத் தொடங்கியதில் இருந்து சனம் மண்வெட்டியோடு வந்து வழித்தது. மொரிதாவும் தாயும் வழித்தார்கள். ஆட்டம் தொடங்க முன் பயிற்சியாளர் பன்னிரண்டாம் இலக்கச் சட்டையை எடுத்து அந்த வெறும் வாங்கில் விரித்துவிட்டு, பனி வழித்த சனத்தைக் காட்டி, எங்கள் பன்னிரண்டாவது ஆள் அங்கே நிற்கிறார் என்றார். ஆட்டத்தில் தோற்றுப்போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த அணியில் யாருக்கும் பன்னிரண்டு கொடுப்பதில்லை. அது பார்க்க வருகிற சனத்தின் இலக்கம். அங்கே பல அணிகளில் இந்த வழக்கம் இருக்கிறதாம். தமையன் ஒவ்வொரு வருடமும் சட்டைக்குச் சொல்லும்போது பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று என்றுதான் எழுதிக் கொடுப்பாராம்.

சனத்துக்கு அவர் ஆங்கிலத்தில் சொன்ன சொல் சப்போட்டர்.

ஜூட் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பா, இவர் பெட்டி தரேக்கையே சொன்னவராம். பன்னிரண்டு இல்லை, அது சப்போட்டருக்கு எண்டு. நீங்கள் 'நோ, நோ' எண்டனீங்களாம். உங்கட கோயில்ல சப்போட்டர் இல்லைபோல எண்டு இவர் கவலைப்பட்டவராம்."

பன்னிரண்டு களவு போகவில்லை. பன்னிரண்டு பிறக்கவே இல்லை. ஒருவன் அதைத் திருடினான் என்று நான் தலையாட்டியிருக்கிறேன். எனக்கு முதலே சொல்லியும் இருக்கிறார்கள். அன்ரன் செய்யாத களவுக்குத் ஒரு சட்டை செய்வித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். மானத்துக்கு அஞ்சிய மனிதன். அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன்.

இரண்டாம் பாதிக்கு ஜூட் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, தன் பழைய ரீசேர்ட்டோடு இறங்கினான்.

6

அங்கிருந்து அன்ரனின் வீடு பத்து நிமிட நடை. இரண்டாம் மாடி. வில்லரே வீடுகளுக்கு வெளியேதான் இரும்புப் படி, வளைந்து ஏறும். படியில் இரண்டு தரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம், மாஸ்டரை விட்டுச் சொல்விக்கலாம் என்றுகூட நினைத்தேன். சட்டை கையில் இருந்தது.

அன்ரன் கதவைத் திறந்தான். "வாங்கோ அண்ணை" என்றான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உள்ளே போய் இருந்தேன். சன்னலோரம் ஒரு தையல் மெசின். புஸ்பம் உடுப்புத் தொழிற்சாலையில், வாங்குகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி உடுப்புத் தைக்கிறவ. குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டா.

எல்லாவற்றையும் சொன்னேன். பனி வழித்ததையும் வெறும் வாங்கையும் சொன்னேன். சப்போட்டர் என்ற சொல்லுக்குப் பயந்து மொரிதாவின் வாயை அடைத்ததைச் சொன்னேன். எண்ணாமல் வாங்கியதைச் சொன்னேன். தலையாட்டியதைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"வாற ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் முன்னால சொல்லுறன் தம்பி. என்ர பிழை எண்டு சொல்லுறன்."

அன்ரன் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தான். பிறகு மூச்சு விட்டான். "சரி அண்ணை. சொன்னீங்களெண்டால் போதும். பெடியனும் விளையாட்டுக்கு வரத் துடிக்கிறான்."

அவ்வளவுதான். அந்த மனிதனுக்கு அது போதுமாக இருந்தது. நான் அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் எனக்குள் இருக்கிற விசாரணைக்காரன் விடவில்லை.

"ஒண்டு மட்டும் கேக்கிறன். எடுக்காத சட்டைக்கு நீர் ஏன் ஒரு சட்டை செய்விச்சனீர்?"

"எந்தச் சட்டை?"

மடியில் இருந்ததை விரித்துக் காட்டினேன். "பையில ஏழோட சேர்த்து வைச்சது."

"நான் ஏழை மட்டும்தானே குடுத்துவிட்டனான். இவ வேலைக்குப் போற வழியில உங்கட கதவில கொழுவச் சொல்லி."

சட்டையை வாங்கினான். உள்பக்கம் திருப்பினான். இலக்கத்தின் விளிம்பில் விரலால் தடவிக்கொண்டு போனான். பதினாறு வருடம் ஒருத்தி தைத்த உடுப்பைப் போட்டவனுக்கு அந்தத் தையல் யாருடையது என்று சொல்ல யாரும் தேவையில்லை.

"புஸ்பம்."

குசினி வாசலில் வந்து நின்றா. கை ஈரம். சட்டையைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது.

"இது உன்ர கை" என்றான்.

"கோயில்ல எல்லாரும் ஒரு மாதிரிப் பாத்தினம்" என்றா. "என்னெண்டாலும் ஒண்டைக் குடுத்திட்டால் கதை முடிஞ்சிடும் எண்டு... நீங்கள் ஆருக்கோ ஆசைப்பட்டுக் குடுத்துப்போட்டுச் சொல்ல ஏலாமல் நிக்கிறீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

"நான் எடுக்கேல்லை எண்டு உனக்குச் சொன்னனான்."

"சொன்னனீங்கள்."

"எத்தினை நாள் தைச்சனீ?"

"மூண்டு நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில."

"மூண்டு நாளும் அப்பிடியே நினைச்சனீ?"

அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் கோயிலில் ஆட்டிய தலை இந்த வீட்டுக் குசினி வரைக்கும் வந்திருக்கிறது.

அன்ரன் சட்டையை நான்காக மடித்து மேசையில் வைத்தான். என் பக்கம் திரும்பினான்.

"எல்லாருக்கும் சொல்லுறன் எண்டீங்களே அண்ணை. இவவுக்கும் ஒருக்கால் சொல்லுங்கோ."

நான் எழும்பி நின்றேன்.

"தங்கச்சி, அன்ரன் எடுக்கேல்லை" என்றேன். "அப்பிடி ஒரு சட்டை இருக்கவே இல்லை."

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. கண் நிறைந்து, "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தா. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்ன உடனே நம்பிவிட்டா.

அன்ரன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.